கொல்லையிலே ஒரு குளிர்ச்சி

வைகாசி மாதம் கருட சேவை பார்க்கச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோபுர வாசல் தரிசனம் என்னவோ விடியற்காலையிலேயே ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் கூட்டத்தில் நீந்தி வெளியே வருவதற்குள் சூரியன் உச்சந்தலையில் உட்கார்ந்துவிடுகிறான்!

சென்ற வருஷம் நான் போயிருந்தபோது வீதியோரத்தில் வெட்டிவேர் விற்றுக் கொண்டிருந்தார்கள். விசிறி, மாலை, தண்ணீரில் போடுவதற்குச் சின்னச் சின்னக் கட்டு, எல்லாம் இருந்தன. விசிறிக்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதையே தம் தொண்டாகக் கொண்டவரல்லவா திருக்கச்சி நம்பி? அந்த நினைப்பிலோ, வெயிலின் கொடுமையிலோ, பேரம்கூடப் பேசாமல் இரண்டு கட்டு வேர் வாங்கிக் கொண்டேன். நேரே என் பால்ய சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். நெசவாளர் குடும்பம். வாசல் அறையில் குழித்தறி. உள்ளே நுழையும்போதே தறியின் சத்தம் கேட்கும்.

"முதலில் இதைப் பானையில் போடு" என்று கட்டை அவள் கையில் கொடுத்தேன். அரை மணி கழித்துத் தண்ணீர் குடித்துப் பார்த்தால் மண் வாசனை வந்ததே தவிர, வெட்டிவேர் வாசனை துளியும் இல்லை!

சிநேகிதியின் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு அருகில் இருக்கும். சிரித்தார்.

"சத்து இறக்கின வேரை வாங்கிட்டு வந்திருக்கியேம்மா. தைலம் எடுத்தப்புறம் சக்கையைக் காயவெச்சுக் கட்டி வித்துடறாங்க. வாங்கறதுக்கு முன்னே ஒரு வேரை நனைச்சு, கசக்கி, மோந்து பாக்கணும். நல்ல வேர் நனைஞ்சாத்தான் பேசும்."

சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றைய பிரயாணம் எனக்குத் தகும். வெட்டிவேர் வாங்கும்போது நீங்களும் இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். நிறத்தையும் தடிமனையும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கசக்கிப் பாருங்கள். வாசனை எழுந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடை.

அந்த அம்மாள் எழுந்து பீரோவைத் திறந்தார். பட்டுப் புடவைகளுக்கு நடுவில் மல் துணியில் தைத்த சின்னப் பை ஒன்று இருந்தது. அதை என் கையில் வைத்தார். ஆகா, அதுவல்லவோ வெட்டிவேர்!

"இது எந்தக் கடையில் வாங்கினது அம்மா?"

"கடையா? கொல்லைக்கு வா" என்றார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக, என் இடுப்புக்கு மேல் உயர்ந்து ஒரு புல் தூர் அடர்த்தியாக நின்றது. பார்ப்பதற்கு நாணல் மாதிரி. பூ இல்லை, நிறம் இல்லை, கவர்ச்சி என்று எதுவும் இல்லை. இந்தப் பகுதியில் இதுவரை எத்தனையோ பூச்செடிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் தங்கள் சொத்தை மேலே காட்டிக் கொண்டு நிற்பவை. இது பூமிக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிற ஜாதி.

"கடலூர்ப் பக்கம் என் தாய்வீடு. கல்யாணமாகி வரும்போது எங்கம்மா ஈரச் சாக்கிலே சுத்திக் குடுத்த நாத்து. என்னோட வந்ததிலே இது ஒண்ணுதான் இன்னும் பச்சையா இருக்கு" என்றார் அவர்.

பின்னால் நின்ற சிநேகிதி என் முழங்கையைத் தொட்டாள். "அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். கொல்லை முழுக்கச் சிமெண்டு போடப் போகிறார்கள். அத்தையிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை" என்று காதோடு சொன்னாள்.

அவளுடைய பிள்ளைக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். மழைக் காலத்தில் சேறு மிதிக்கக் கூடாது. தையில் தங்கைக்குக் கல்யாணம் வேறு. நாலு பேர் வந்து போகிற வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? அவன் சொல்வதும் நியாயம்தான். ஒரு புல்லுக்காக யார் சண்டை போடுவார்கள்?

ஆனால் அது எப்பேர்ப்பட்ட புல் என்று தெரிந்தால் நீங்களும் கொஞ்சம் தயங்குவீர்கள்.

ஒரே செடி, பல தலைமுறை

வெட்டிவேர் பல ஆண்டுகள் வாழும் புல். தாவர சாஸ்திரத்தில் இதற்கு இப்போது 'கிரிசோபோகன் சிசானியாய்டிஸ்' என்று பெயர். அதற்கு முன்னால் நெடுங்காலம் 'வெட்டிவேரியா' என்றே வழங்கினார்கள். ஆம், நம் தமிழ்ச் சொல்தான்! வெட்டி எடுக்கிற வேர் என்ற நம் வார்த்தை பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. பாரிஸ் நகரத்து வாசனைத் திரவியக் கடையிலும் நம் கொல்லைப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. வட இந்தியாவில் ஆற்றோரங்களில் தானாக வளர்வது விதை வைக்கும். தென்னிந்தியாவில் நாம் பயிர் செய்கிற வகை முளைக்கக்கூடிய விதை வைப்பதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அதனால் இது களையாகப் பரவி ஊரைப் பிடித்துக் கொள்ளும் என்ற பயமில்லை. அதே காரணத்தால், பிரித்து நடுவதற்கு ஒரு கை இல்லாவிட்டால் அந்த வம்சம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். விதையிலிருந்து வருவது புதுச் செடி. தூரைப் பிரித்து நட்டால் வருவது அதே செடி. கடலூரில் தாயார் நட்டதும், காஞ்சிபுரத்தில் மகள் வளர்ப்பதும் வேறு வேறல்ல, ஒன்றேதான். 1990களில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, வெளிநாடுகள் பலவற்றில் பயிராகும் வெட்டிவேர் பெரும்பாலும் இந்த விதையில்லாத வகையின் ஒரே வழியில் வந்தது என்று தெரிந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறியே உலகம் சுற்றியிருக்கிறது!

வேரைப் பற்றிக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சாதாரணப் புல்லின் வேர் பக்கவாட்டில் படரும். இது நேர்கீழாக இறங்கும். மண் இடம் கொடுத்தால் முதல் வருஷத்திலேயே மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். பக்கத்துச் செடியின் சாப்பாட்டைப் பிடுங்குவதில்லை. மண்ணை மட்டும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் வெகு காலமாகவே வயல் வரப்பில் வெட்டிவேரை வேலியாக வைத்து வந்திருக்கிறார்கள். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1950களில் இதைக் கொண்டு மண் அரிப்பைத் தடுத்தார்கள். 1980களில் உலக வங்கியின் நிபுணர்கள் இந்தியாவில் இதைப் பரப்ப முயன்றார்கள். 1993ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டது. தாய்லாந்து மன்னராயிருந்த பூமிபோல் 1991 முதல் தம் நாட்டு மலைச் சரிவுகளில் இதை நடச் செய்தார்.

'விழலுக்கு இறைத்த நீர்' என்று வீண் வேலையைச் சொல்வோம். இந்தப் புல்லுக்கு இறைத்த நீர் மட்டும் வீணாவதில்லை.

தறிக் குழியும் கொல்லைத் தண்ணீரும்

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை மெல்ல ஆரம்பித்தேன். பேரன் நல்ல பிள்ளை. "ஆயாவுக்கு ஒரு தொட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன் அத்தை" என்றான் என்னிடம்.

"அது கிடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கொல்லைத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"மண்ணிலே போயிடும்."

"சிமெண்டு போட்ட பிறகு?"

அவன் பதில் சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்திருந்த அவன் தகப்பனார்தான் மிதியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குழித்தறி வைத்திருக்கிறவர்களுக்கு அது புரியும். தரையில் குழி வெட்டிக் காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அது. அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் அத்தனை நாளும் வேலை நின்று போகும். நெசவு நின்றால் கூலி நின்றது. கொல்லை மண் குடிக்கிற தண்ணீரையும் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் என்ன ஆகும்?

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வண்டி நிற்கிற இடம்வரை சிமெண்டு. சுவரோரம் வாய்க்காலை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண் அப்படியே இருக்கும். சிமெண்டுத் தரை அந்தப் பக்கம் சரிவாக இருக்கும். பழைய தூரைப் பிரித்து அந்த இரண்டடியில் வரிசையாக நடுவது, மீதியை உயரமான பைகளில் வைப்பது என்று தீர்மானம். ஆனால் உடனே அல்ல. அக்கினி நட்சத்திரம் முடிந்த கையோடு தூரைக் கிளப்பினால் நாற்று வாடும். "ஆடி பிறக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். கொத்தனாரும் ஆடிக்கு அப்புறம் வரச் சம்மதித்தார்.

நடும் முறை

ஆடியில் நான் மறுபடியும் போனேன். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

தூரைச் சுற்றிக் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்தி ஒரு முழத்துக்குமேல் தோண்டினோம். முழு வேரும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடியில் போனது அடியிலேயே நின்றுவிட்டது. கிளப்பிய தூரில் நடுவே இருப்பது கிழட்டுப் பகுதி. அதை விட்டுவிட வேண்டும். ஓரத்தில் இளசாக இருக்கிறவற்றை இரண்டு மூன்று தண்டு சேர்ந்தாற்போல் கையால் பிரித்தெடுக்க வேண்டும். இதுதான் நாற்று. இலையை ஒரு சாண் விட்டு மேலே வெட்டிவிடுங்கள். வேரையும் மூன்று விரல் நீளம் விட்டுக் கத்தரியுங்கள். கை நடுங்க வேண்டாம்! இலை அதிகமிருந்தால் ஈரத்தை இழந்து வாடும். நீள வேர் குழிக்குள் மடங்கிக் கிடக்கும்.

வேலி மாதிரி அடர்த்தியாக வேண்டுமானால் நாற்றுக்கு நாற்று அரைச் சாண் இடைவெளி போதும். வேர் எடுப்பதற்காக நடுவதானால் ஒன்றரை அடி இருக்கட்டும். இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, சுற்றிலும் மண்ணை நன்றாக அழுத்திவிட்டுத் தண்ணீர் விடுங்கள். முதல் மூன்று வாரம் ஈரம் காயக் கூடாது. துளிர் வந்துவிட்டதென்றால் அப்புறம் இதைச் சாகடிப்பதுதான் சிரமம்.

இதற்கு வேண்டியது வெயில். மரத்தடியிலும், வெளிச்சம் எட்டாத முற்றத்திலும் வைத்தால் மெலிந்து போகும். மண் எதுவானாலும் வளரும். ஆனால் களிமண்ணில் வேரைத் தோண்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். மணற்பாங்கான நிலம்தான் உத்தமம். கடலூர்க் கடற்கரை ஓரத்து மணலில் இதைப் பயிராகவே செய்வதன் காரணம் அதுதான்.

நிலம் இல்லாதவர்கள் என்ன செய்வது? பட்டணத்துச் சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. பூந்தொட்டி இதற்குப் பிரயோஜனப்படாது. ஆழம் இரண்டடியாவது வேண்டும். பழைய தண்ணீர் டிரம், உயரமான செடிப் பை, சிமெண்டு உறை, எது கிடைத்தாலும் சரி. அடியில் ஓட்டை அவசியம். சிமெண்டு வருகிற சாக்கைச் சிக்கனமென்று எடுத்துவிடாதீர்கள். வெயிலில் ஒரு வருஷத்துக்குள் நைந்து உதிர்ந்துவிடும். நான் அப்படி வைத்து, மார்கழியில் மண்ணெல்லாம் மாடியில் சரிந்து அவதிப்பட்டேன். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். ஒரு பைக்கு ஒரு நாற்று. மாடியில் வைப்பவர்கள் ஜாக்கிரதை: ஈர மண்ணோடு ஒரு பை நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். நடு மாடியில் வரிசையாக வைக்காமல், கீழே சுவர் தாங்குகிற ஓரமாக வையுங்கள்.

பையில் வளர்ப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. வேர் எடுக்கத் தோண்ட வேண்டாம். பையைக் கிழித்துக் குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கரைத்தால் ஒரு வேர்கூட அறாமல் முழுசாக வரும்.

மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை இலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்ட வெட்டத் தூர் கட்டும். புதர் மண்டி எலி, பூச்சி அடையவும் இடமிராது. இளம் இலையை மாடு தின்னும். முற்றிய இலையைச் செடிகளின் காலடியில் பரப்பினால் மண் ஈரம் காக்கும். இலையின் ஓரம் சற்றுச் சுணையாக இருக்கும். குழந்தைகள் கையை விட்டு உருவாமல் பார்த்துக் கொள்ளுங்கள். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். மழைக்கு முன்னால் ஒரு கூடை எரு போட்டால் போதும்.

நாற்று வாங்கும்போது பெயர்க் குழப்பத்தில் அகப்பட்டுக் கொள்ளாதீர்கள். விலாமிச்சை வேர் என்று ஒன்று உண்டு. அதற்கும் வாசனை உண்டு. அதையும் மாலை கட்டுவார்கள். ஆனால் அது துளசிக் குடும்பத்துச் செடி, இலை அகலமாக இருக்கும். நம்முடையது புல்.

எப்போது எடுப்பது?

இதுதான் பொறுமை வேண்டிய இடம். வேர் பழுக்க ஒரு வருஷமாவது ஆகும். ஒன்றரை வருஷம் விட்டால் வாசனை இன்னும் கனக்கும். மழை ஓய்ந்து மண் பொலபொலவென்றிருக்கிற தை, மாசி மாதங்கள் தோண்டுவதற்குத் தோது.

அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு ஹைத்தி நாடு ஓர் உதாரணம். உலகத்து வெட்டிவேர்த் தைலத்தில் பெரும்பகுதி அந்தச் சின்னத் தீவு நாட்டிலிருந்துதான் வருகிறது. ஏழைக் குடியானவர்கள் கைச்செலவுக்காக வேர் முதிருமுன்பே மலைச் சரிவில் பிடுங்கிவிடுவதுண்டு. தைலமும் மட்டமாகிறது, பிடித்துக் கொள்ள வேர் இல்லாமல் மழையில் மண்ணும் கரைந்து போகிறது. மண்ணைக் காக்கிற அதே புல், எடுக்கத் தெரியாமல் எடுத்தால் மண்ணைப் பறிகொடுக்க வைக்கிறது.

ஆகவே, வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு விதி சொல்கிறேன். தூர்கள் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் எடுக்காதீர்கள். இந்த வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் இன்னொன்று என்று முறை வையுங்கள். எடுத்த அன்றைக்கே அதன் நாற்றை அதே குழியில் நட்டுவிடுங்கள். சாயங்காலம் பார்த்துக் கொள்ளலாம் என்று நினைத்தால் மறந்துவிடுவோம்.

எடுத்த வேரை மண் போக அலசி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும். ஈரமில்லாமல் நன்றாகக் காய்ந்த பிறகு துணிப் பையில் போட்டு வைக்கலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

வேரும் பட்டும்

இனி உபயோகத்துக்கு வருவோம். குடிதண்ணீர்ப் பானைக்கு ஒரு சின்னக் கட்டு போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் எடுத்து அலசிக் காயவைத்து மறுபடி போடுங்கள். வாசனை குறைந்ததும் தூக்கி எறிய வேண்டாம். பொடித்துப் பாசிப்பயற்று மாவோடு கலந்தால் குளிக்கிற பொடி. தேங்காயெண்ணெயில் ஊறப் போட்டால் கூந்தல் தைலம்.

வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளித்து அறையைக் குளிரச் செய்வது அக்பர் காலத்திலேயே நடந்த காரியம். அவருடைய ஆட்சியைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய 'ஆயினி அக்பரி'யில் அது இருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக் கொள்வதுதான் அதன் சூட்சுமம். அதனால் வறண்ட காற்று அடிக்கிற ஊரில்தான் அது நன்றாக வேலை செய்யும். காஞ்சிபுரத்துக் கோடைக்குப் பொருந்தும். கடற்கரை ஓரத்துச் சென்னைப் புழுக்கத்தில் வாசனை வரும், குளிர்ச்சி அவ்வளவாக வராது.

பட்டுப் புடவைக்கு வருகிறேன். பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடுகிறோம். அதன் நெடி மூன்று சலவைக்கும் போவதில்லை. வெட்டிவேர்ப் பை வைத்தால் புடவை உடுத்தும்போது மனசே மலர்கிறது. இது வெறும் வாசனைக்காக மட்டும் வந்த பழக்கமல்ல. வெட்டிவேர்த் தைலத்தில் சிறிய அளவில் நூட்கட்டோன் என்ற பொருள் இருக்கிறது. கரையானை அது விரட்டுவதாக அமெரிக்காவின் லூசியானாவில் ஆராய்ந்து கண்டார்கள். அதே நூட்கட்டோனைக் கொசு, உண்ணி விரட்டும் மருந்துகளில் சேர்க்கலாம் என்று 2020ல் அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பதிவு செய்தது.

ஆனாலும், வெட்டிவேர் இருக்கிறதென்று பீரோவை மறந்துவிடாதீர்கள். சின்னக் காஞ்சிபுரத்து அம்மாள் எனக்குச் சொன்ன முறை இது. வேரை நேராகப் புடவைமேல் வைக்கக் கூடாது. சரிகையில் சிக்கும், சாயம் தோயும். பழைய மல் துணிப் பையில் தைத்து வைக்க வேண்டும். வேர்வை பட்ட புடவையை அப்படியே மடிக்காமல் நிழலில் ஆற வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக் கணக்கில் கிடந்தால் பட்டும் சரிகையும் மடிப்பிலேயே முறிந்துவிடும். "பட்டு நெய்யறது கஷ்டமா, வெச்சுக் காப்பாத்தறது கஷ்டமான்னு கேட்டா, ரெண்டாவதைத்தான் சொல்லுவேன்" என்றார். அறுபது வருஷம் தறி வீட்டில் வாழ்ந்தவர் சொன்னால் கேட்டுக் கொள்ள வேண்டியதுதானே?

அந்த ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. சிநேகிதி தொலைபேசியில் கூப்பிட்டாள். சிமெண்டுத் தரையில் விழுந்த தண்ணீர் எல்லாம் சுவரோரத்து மண்ணுக்கு ஓடி, சிறிது நேரம் தேங்கி நின்று, அப்புறம் இறங்கிவிட்டதாம். தறிக் குழிக்கு வரவில்லை. "உன் புல் பிழைத்தது" என்றாள். "என் புல் எங்கே? உன் மாமியார் புல்" என்றேன்.

தையில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். பெண்ணை அனுப்பி வைக்கிற சமயம். பாத்திரம், பண்டம், புடவைப் பெட்டி எல்லாம் வண்டியில் ஏறிக் கொண்டிருந்தன. ஆயா கொல்லைக் கதவைத் திறந்து கொண்டு மெதுவாக வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நாலு நாற்று. மண்ணெல்லாம் அவருடைய பட்டுப் புடவையில் படிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அங்கே கொல்லை இல்லை ஆயா, மாடி வீடு" என்றாள் பெண்.

"அதனாலென்ன? அண்ணன் உசரமா ஒரு பை வாங்கி வெச்சிருக்கான், கேட்டுக்கோ" என்றார் கிழவி.

பேரன் தலையைக் குனிந்து கொண்டு, மடித்து வைத்திருந்த இரண்டு பைகளை வண்டியில் வைத்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் வெயில் விழுகிற இரண்டடி இடம் இருந்தால், வருகிற ஆடியில் ஒரு தூர் வாங்கி நடுங்கள். முதல் வேர் எடுக்கும்போது ஒரு நாற்றைத் திரும்ப நடுங்கள். இன்னொன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். விதை வைக்காத புல்லுக்கு நாம்தானே விதை?

அடுத்த வாரம் கறிவேப்பிலைக் கன்று ஏன் தொட்டியில் வளர மறுக்கிறது என்று பார்ப்போம்.